பிளாக்லிஸ்ட் டிஎன்எஸ் லுக்கப்புக்கு கேஷை எங்க வைக்கிறது? பிஎச்பிலயா, என்ஜின்எக்ஸ்லயா, ரிசால்வர்லயா?

பெட்டியடி | செவ்வாய் இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். காரைக்குடில இருந்து சின்னச் சின்ன கடைகளுக்கு வெப்சைட் பாத்துக்குறேன். பலகாரக் கடை ரெண்டு, ஆத்தங்குடி கல்லு பட்டறை ஒண்ணு, கண்டாங்கிச் சேலை கடை ஒண்ணு. எல்லாம் ஒரே விபிஎஸ்ல (வாடகை சர்வர்) ஓடுது, 2 ஜிபி ராம், டெபியன், என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், பிஎச்பியை ஓட்டுற பிஎச்பி-எஃப்பிஎம்.

ஆர்டர் ஃபார்ம்ல ஸ்பாம் தாங்கல. பலகாரக் கடை ஆச்சிக்கு எழுபது வயசு, காலைல ஃபோனை எடுத்து ஒவ்வொரு மெயிலா திறந்து கண்ணாடியைத் தூக்கித் தூக்கிப் பாத்து, இருநூறு குப்பைக்கு நடுவுல "சீப்பு சீடை 2 கிலோ, மணகோலம் 1 கிலோ"னு ஒரு நிஜ ஆர்டரைத் தேடி எடுக்குறாங்க. பாக்க மனசு கேக்கல. அதான் டிஎன்எஸ் பிளாக்லிஸ்ட் (ஸ்பாம் ஐபிகளோட லிஸ்ட், டிஎன்எஸ் வழியா கேட்டுப் பாக்கலாம்) போட்டேன். வர்ற ஐபியைத் திருப்பிப் போட்டு லிஸ்ட் பேரோட சேத்து கெட்ஹோஸ்ட்பைநேம் (ஒரு பேருக்கு ஐபி என்னன்னு கேக்குற பிஎச்பி ஃபங்ஷன்) கூப்பிடுறது, பதில் வந்தா 403, அதாவது உள்ள விடமாட்டேன். இண்டெக்ஸ் பைல் முதல் வரிலயே போட்டுட்டேன். மூணு வாரம் நல்லா ஓடுச்சு.

போன வெள்ளி சாயங்காலம், தீபாவளி ஆர்டர் உச்சத்துல இருக்கும்போது நாலு சைட்டும் சேந்து நின்னுருச்சு. லாக்ல மேக்ஸ் சில்ட்ரன் ரீச்டுன்னு, அதாவது பிஎச்பி ஒர்க்கர் அத்தனையும் மாட்டிக்கிச்சுன்னு, வருசையா வந்துருக்கு. லுக்கப்புதான் இழுக்குதுன்னு புரிஞ்சுது, அன்னிக்கு ராத்திரியே ஐபிக்கு ஒரு ஃபைல்னு 24 மணி நேர கேஷ் (ஒரு தடவை வந்த பதிலை எடுத்து வச்சுக்குறது) எழுதிட்டேன். பறந்துச்சு. ஆனா புது ஆள் வந்தா முதல் தடவை இன்னமும் மெதுவாத்தான் இருந்துச்சு, அதனால சனி ராத்திரி ரிசால்வ்.கான்ஃப்ல ஹோஸ்டிங் காரங்க குடுத்த ரிசால்வரை (நமக்காக டிஎன்எஸ் கேள்வியைக் கேட்டுத் தர்ற சர்வர்) எடுத்துட்டு ஒரு பப்ளிக் ரிசால்வர் போட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, மதியத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஆர்டர் குறைஞ்சுது, ராத்திரி ஏழு மணிக்கு ஆச்சி ஃபோன். "தம்பி, நம்ம கடை பூட்டிக் கிடக்காமே, கோயம்புத்தூர்ல இருந்து பேத்தி சொல்றா"ன்னாங்க. பாத்தா எல்லாருக்கும் 403. எல்லாருக்குமே. செக்கையே எடுத்துப் போட்டுட்டேன், இப்ப ஸ்பாம் திரும்ப வருது.

என் கேள்வி இதுதான், இந்த கேஷ் எங்க இருக்கணும்? பிஎச்பிலயே ஒழுங்கா எழுதணுமா, என்ஜின்எக்ஸ்ல வைக்கணுமா, இல்ல டிஎன்எஸ் ரிசால்வர் பாத்துக்குமா?

---

முகப்புத்தூண் | செவ்வாய் இரவு 10.15

தம்பி, முதல்ல ஒரு வேலை பண்ணுங்க. அந்த சர்வர்லயே உக்காந்து 2.0.0.127 முன்னாடி போட்டு உங்க லிஸ்ட் பேரைச் சேத்து டிக் (டிஎன்எஸ் கேள்வி கேக்குற கமாண்ட்) அடிச்சு என்ன பதில் வருதுன்னு இங்க போடுங்க. 127.0.0.2ங்கறது டெஸ்ட் எண்ட்ரி, ஒழுங்கான எந்த ஐபிவி4 லிஸ்ட்லயும் அது இருந்தே ஆகணும், 127.0.0.1 இருக்கவே கூடாது. 2010ல வந்த ஆர்எஃப்சி 5782ங்கற இன்டர்நெட் ஆவணத்துல எழுதியே வச்சிருக்காங்க.

கேள்விக்கு என் பதில்: ரிசால்வர். அதே மெஷின்ல, உங்க சொந்த ரிசால்வர். அன்பவுண்ட்னு ஒரு ரிசால்வர் சாஃப்ட்வேர் இருக்கு, அதைப் போடுங்க, 127.0.0.1ல கேக்கட்டும். பதினாறு வருசமா மெயில் சர்வர் பாக்குறவன் சொல்றேன், மெயில் உலகத்துல இந்தக் கேள்வி எப்பவோ தீந்து போச்சு, வெப் பக்கம் வர்றவங்கதான் ஒவ்வொருத்தரும் திரும்ப ஒரு கேஷ் எழுதுறாங்க.

வெள்ளிக்கிழமை நடந்தது என்னன்னா, கெட்ஹோஸ்ட்பைநேம் பதில் வர்ற வரைக்கும் அந்த ஒர்க்கரை அப்படியே நிறுத்தி வச்சிரும். ஜிலிப்சியோட (லினக்ஸோட அடிப்படை லைப்ரரி) வழக்கமான கணக்கு ஒரு நேம்சர்வருக்கு 5 செகண்ட், அதை 2 தடவை முயற்சி பண்ணும், ஆக ஒரே நேம்சர்வர் போட்டிருந்தாலே 10 செகண்ட். டெபியன்ல வர்ற எஃப்பிஎம் செட்டிங்ல மேக்ஸ் சில்ட்ரன் 5. அஞ்சு பேர் ஒரே நேரத்துல வந்தா போதும், நாலு கடையும் சாத்தியாச்சு. ஜிலிப்சி தன் பங்குக்கு எதையும் கேஷ் பண்ணி வைக்காது, கேட்டதையே திரும்பத் திரும்ப வெளிய போய்க் கேக்கும். ஒரு விசிட்டர் ஒரு பேஜ் திறந்தா பிஎச்பிக்கு எத்தனை ரிக்வெஸ்ட் வருதோ அத்தனை தடவை.

---

தேவகோட்டை ரஸ்தா | செவ்வாய் இரவு 10.50

அண்ணன் சொல்றதுல எனக்குப் பாதி உடன்பாடு இல்ல. ரிசால்வர் இருக்கட்டும், வேணாங்கல. ஆனா ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் சாக்கெட் திறந்து பாக்கெட் கட்டி அனுப்பி பதிலைப் பிரிச்சுப் பாக்கறதைவிட ஏபிசியூல (பிஎச்பியோட மெமரி கேஷ்) ஒரு ஃபெட்ச் எத்தனையோ மடங்கு சீக்கிரம். எஃப்பிஎம் பூல்ல எல்லா ஒர்க்கருக்கும் அது பொது மெமரி. ரெண்டு மெஷின் இருந்தா ரெடிஸ், அது தனியா ஓடுற மெமரி கேஷ். நான் ஒரு பழைய கார் பார்ட்ஸ் சைட்டுக்கு இப்படித்தேன் வச்சிருக்கேன், ஒரு மணி நேரம் டிடிஎல் (பதிலை எவ்வளவு நேரம் வச்சுக்கலாம்ங்கற கணக்கு), ஒரு பிரச்சனை இல்ல.

இன்னொண்ணு, டிஎன்எஸ் பதில் வேற, நம்ம முடிவு வேற. ரெண்டு மூணு லிஸ்ட் கேட்டு, கூட்டிக் கழிச்சு "இவனை விடலாம், இவனை விடக்கூடாது"னு ஒரு முடிவு எடுக்குறோம்ல, அந்த முடிவை ரிசால்வர்ல எப்படி வைப்பீங்க? அது அப்ளிகேஷன்லதான் இருக்க முடியும்.

---

பெட்டியடி | புதன் காலை 7.20

டிக் அடிச்சேன். லிஸ்ட் ஸ்பாம்ஹாஸ் ஜென். வந்த பதில் 127.255.255.254. நான் 127.0.0.2 வரும்னு நினைச்சேன். இது என்ன நம்பர்ணே?

---

முகப்புத்தூண் | புதன் காலை 7.45

கிடைச்சிருச்சு தம்பி. ஞாயித்துக்கிழமைக்குக் காரணம் இதுதான்.

ஸ்பாம்ஹாஸ்ல 127.0.0.ன்னு ஆரம்பிக்கிறது லிஸ்டிங். ஜென்ங்கறது அவங்களோட பல லிஸ்ட் சேந்தது, 2 வந்தா அதுல எஸ்பிஎல்ங்கற லிஸ்ட், 3 சிஎஸ்எஸ், 4ல இருந்து 7 வரைக்கும் எக்ஸ்பிஎல், 10ம் 11ம் பிபிஎல். 127.255.255.ன்னு வந்தா அது எர்ரர். 252 வந்தா லிஸ்ட் பேரைத் தப்பா எழுதியிருக்கீங்க, 254 வந்தா பப்ளிக் ரிசால்வர் வழியா வர்றீங்க, 255 வந்தா அளவுக்கு மீறிக் கேக்குறீங்க. பப்ளிக் ரிசால்வர்ல இருந்து வந்தா யார் கேக்குறாங்கன்னு அவங்களுக்குத் தெரியாது, அதனால எந்த ஐபியைக் கேட்டாலும் இதே பதில்தான் வரும். உங்க கோடு "பதில் வந்துச்சா, அப்ப லிஸ்ட்ல இருக்கான்"னு எடுத்துக்கிட்டு ஊரையே வெளிய நிறுத்திருச்சு.

இன்னொரு விஷயத்தையும் கவனிங்க. சனி ராத்திரி மாத்தினீங்க, ஞாயிறு காலைல தெரியல. ஏன்? வெள்ளி, சனில வந்தவங்களுக்கு "சுத்தம்"னு உங்க ஃபைல் கேஷ்ல 24 மணி நேரத்துக்கு எழுதி வச்சாச்சு. அது ஒவ்வொண்ணா காலாவதி ஆக ஆக ஒவ்வொருத்தரா அடி வாங்கியிருக்காங்க. கேஷ் இல்லாம இருந்திருந்தா சனி ராத்திரி மாத்தின அடுத்த நிமிசமே உங்க சொந்த ஃபோன்லயே 403 வந்திருக்கும், அப்பவே திருப்பி மாத்திட்டுத் தூங்கப் போயிருப்பீங்க. அந்த கேஷ் தப்பை முக்கால் நாள் மறைச்சு வச்சிருச்சு.

இதோட இன்னொரு பக்கத்தையும் பாத்துக்கங்க. செத்துப்போன லிஸ்ட்டும் இதே வேலையைப் பண்ணும். ஓஆர்டிபின்னு ஒரு லிஸ்ட் 2006 டிசம்பர்ல மூடினாங்க, அப்புறமும் ஜனங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, 2008 மார்ச்சுல எதைக் கேட்டாலும் "லிஸ்ட்ல இருக்கு"ன்னு பதில் சொல்ல ஆரம்பிச்சாங்க. எத்தனையோ பேரோட மெயில் ஒரே நாள்ல நின்னுச்சு. சோர்ப்ஸ் 2024ல மூடிட்டாங்க, இன்னமும் பழைய கான்ஃபிக்ல அது கிடக்கு. அதனால "ஏதோ பதில் வந்துச்சு"ன்னு பாக்காதீங்க, என்ன பதில் வந்துச்சுன்னு பாருங்க.

---

கண்டனூர்த் தம்பி | புதன் காலை 9.10

அண்ணே நான் காலேஜ் படிக்கிறேன், தப்பா கேட்டா மன்னிச்சுக்கங்க. லிஸ்ட்ல இல்லாத ஐபிக்கு பதிலே வராதுல்ல, அப்ப அதை ரிசால்வர் எப்படி கேஷ் பண்ணும்? இல்லாததை எப்படி எடுத்து வைக்கிறது?

---

முகப்புத்தூண் | புதன் காலை 9.50

ரொம்ப நல்ல கேள்வி தம்பி, இதுலதான் விஷயமே இருக்கு.

லிஸ்ட்ல இல்லன்னா என்எக்ஸ்டொமைன்னு ஒரு பதில் வரும், "அப்படி ஒரு பேரே இல்ல"ன்னு அர்த்தம். அந்தப் பதிலோட அந்த ஜோனோட (லிஸ்ட் இருக்குற டிஎன்எஸ் பகுதி) எஸ்ஓஏ ரெக்கார்டும், அதாவது அந்த ஜோனைப் பத்தின குறிப்பும், சேந்து வரும். எஸ்ஓஏவோட டிடிஎல், அதுக்குள்ள கடைசியா இருக்குற மினிமம்னு ஒரு எண், இந்த ரெண்டுல எது சின்னதோ அத்தனை செகண்ட் "இல்ல"ங்கற பதிலை வச்சுக்கலாம். 1998ல ஆர்எஃப்சி 2308ல வந்தது. அன்பவுண்ட் இதை மதிச்சு வச்சுக்கும், அதுக்கு மேல தன் பங்குக்கு 3600 செகண்ட்னு ஒரு உச்சவரம்பும் வச்சிருக்கு.

இப்ப ரஸ்தா சொன்ன ஏபிசியூவுக்கு வாரேன். கடைக்கு வர்றவங்கள்ல பெரும்பாலானவங்க லிஸ்ட்ல இல்லாதவங்க. அப்ப நீங்க கேஷ்ல வைக்கப் போறதுல முக்கால்வாசி "இல்ல"தான். கெட்ஹோஸ்ட்பைநேம் டிடிஎல்லே தராது. டிஎன்எஸ்_கெட்_ரெக்கார்ட் லிஸ்ட்ல இருந்தா டிடிஎல் தரும், என்எக்ஸ்டொமைன் வந்தா அந்த எஸ்ஓஏ எண் உங்க கைக்கு வந்து சேராது. ஆக எந்தப் பதிலை அதிகமா சேத்து வைக்கப் போறீங்களோ, அதை எவ்வளவு நேரம் வைக்கலாம்னு பிஎச்பிக்குத் தெரியவே தெரியாது. அதான் எல்லாரும் "ஒரு மணி நேரம்", "24 மணி நேரம்"னு மனசுக்குத் தோணினதைப் போடுறாங்க.

நம்ம ஊர்ப் பெட்டியடில சிட்டை, பேரேடுன்னு வச்சிருப்பாங்க பாத்திருக்கியா? எங்க அப்பச்சி கொழும்புக் கடைல கணக்கு எழுதினவங்க. சிட்டைல இருக்குறதைப் பேரேட்டுல ஏத்தணும், பேரேட்டுல இருக்குறதைத் தனியா ஒரு துண்டுச் சீட்டுல எழுதி சட்டைப் பைல வச்சுக்கிட்டு அதைப் பாத்து வரவு செலவு சொன்னா அடி விழும்பாங்க. பேரேட்டுல ஒருத்தர் பாக்கியைத் தீத்துட்டுப் போயிருப்பாரு, சீட்டுல இன்னமும் கடன்காரரா நிப்பாரு. டிடிஎல் தெரியாத கேஷ் அந்தத் துண்டுச் சீட்டு. லிஸ்ட்ல இருந்து எடுத்துவிட்ட ஆளை நாள் முழுக்க வாசல்லயே நிறுத்தி வைக்கும்.

இன்னும் ஒண்ணு. ஒரே ஐபியில இருந்து பத்து ரிக்வெஸ்ட் ஒரே நேரத்துல வந்தா, கேஷ் காலியா இருக்குற நேரத்துல பிஎச்பி பத்து லுக்கப் அனுப்பும். அன்பவுண்ட் ஒரே கேள்வியைச் சேத்து வச்சுக்கிட்டு வெளிய ஒரு தடவைதான் கேக்கும், பதில் வந்ததும் பத்துக்கும் பிரிச்சுக் குடுத்துரும். இதை நீங்க ஏபிசியூல லாக் போட்டு எழுதலாம், எழுதலாம்தான், ஆனா எதுக்கு?

---

செக்காலை | புதன் மதியம் 1.30

நான் என்ஜின்எக்ஸ் பக்கத்துல இருந்து சொல்றேன்.

என்ஜின்எக்ஸ்ல ரிசால்வர்னு ஒரு டைரக்டிவ் இருக்கு, அது ரிசால்வ்.கான்ஃபைப் படிக்காது, நாம குடுக்குற அட்ரஸைத்தான் கேக்கும், நிக்காம கேக்கும், அதுக்குன்னு சொந்த கேஷும் உண்டு. டிடிஎல்லை அதுவா மதிக்கும், வேலிட்னு ஒரு நேரம் போட்டா அந்த நேரம் டிடிஎல்லை மீறிரும். அதனால வேலிட் போடாதீங்க. ஆனா வெறும் என்ஜின்எக்ஸால விசிட்டர் ஐபியைத் திருப்பிப் போட்டு பிளாக்லிஸ்ட் கேக்க முடியாது, லூவா மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் மொழி வேணும். இல்லாட்டி ஆத்-ரிக்வெஸ்ட் வச்சு ஒரு குட்டி சர்வீஸைக் கேக்கலாம், அது 204 சொன்னா உள்ள விடும், 403 சொன்னா வெளிய. அந்த சர்வீஸ் பதிலோட கேஷ்-கன்ட்ரோல் ஹெட்டர்ல டிஎன்எஸ் டிடிஎல்லையே போட்டு அனுப்பினா, ப்ராக்ஸி கேஷ் அத்தனை நேரம் மட்டும் வச்சுக்கும். பெரிய சைட்டுக்கு நான் இப்படித்தான் செய்வேன். நாலு கடை ஓடுற 2 ஜிபி மெஷினுக்கு இது தேவையில்ல, பாத்துக்கறதுக்கு இன்னொரு சர்வீஸ் கூடிப் போகும்.

கேஷ் எங்கங்கறதுக்கு முன்னாடி, கேள்வியை எங்க கேக்குறீங்கன்னு பாருங்க. இண்டெக்ஸ் முதல் வரிலயே கேக்குறீங்க. பலகாரம் என்ன விலைன்னு பாத்துட்டுப் போறவரையும் ஏன் விசாரிக்கணும்? நம்ம வீடுகள்ல திண்ணைல யார் வேணா உக்காரலாம், முகப்பு வரைக்கும் வந்து பேசலாம், வளவுக்குள்ள போறதுக்குத்தான் ஆள் தெரியணும். ஆர்டர் ஃபார்ம் போஸ்ட் ஆகுற இடத்துல மட்டும் கேளுங்க. உங்க லுக்கப் எண்ணிக்கை அப்படியே அடில போயிரும், கேஷ் சண்டையே பாதி தீந்துரும். நம்ம கடை சைட்ல நூறு பேர் பாத்தா அஞ்சு பேர் ஆர்டர் போடுவாங்க, அவ்வளவுதான்.

முன்னாடி ஏதாவது சிடிஎன் (உங்க சர்வருக்கு முன்னாடி நின்னு பேஜைக் குடுக்குற சர்வர்கள்) வச்சிருந்தா ரியல்-ஐபி செட்டிங் சரியா இருக்கான்னும் பாத்துக்கங்க. இல்லன்னா சிடிஎன் ஐபியைத்தான் நாள் பூரா லிஸ்ட்ல தேடிக்கிட்டிருப்பீங்க.

---

கானாடுகாத்தான் விடுதி | புதன் மாலை 5.05

நான் டெக்னிகல் ஆள் ரொம்ப இல்ல, எங்க ஊர்ல ஒரு பழைய வீட்டை விடுதியா நடத்துறவங்களுக்கு புக்கிங் சைட் பாக்குறேன். இதை அவசியம் சொல்லணும்.

நாங்களும் இதே ஜென் போட்டோம், பப்ளிக் ரிசால்வர் எதுவும் இல்லாமலே விருந்தாளிங்க பாதிப் பேரால புக் பண்ண முடியல. அப்புறம் ஒருத்தர் உக்காந்து லாக் பாத்துச் சொன்னாரு, வர்ற பதில் முக்கால்வாசி 127.0.0.10, 11. அது பிபிஎல். அது கெட்டவங்க லிஸ்ட்டே கிடையாது. வீட்டு பிராட்பேண்ட் மாதிரி ஐபிகள்ல இருந்து நேரா இன்னொரு மெயில் சர்வருக்கு மெயில் போகக்கூடாதுன்னு போட்டு வச்சிருக்குற லிஸ்ட். மெயிலுக்கு அது சரி. வெப்சைட்டுக்கு யார் வருவா? வீட்டுல இருந்துதானே வருவாங்க! சிங்கப்பூர்ல இருக்குற பையன் வீட்டு நெட்ல இருந்து அம்மாவுக்கு அறுபதாங்கல்யாணத்துக்கு ரூம் போடப் பாத்துருக்கான், நாலு நாளா முடியலைன்னு கடைசில மாமாவை நேர்ல அனுப்பினான்.

அதனால ரிடர்ன் கோடைப் பாத்து 10, 11 வந்தா விட்டுருங்க. மொபைல் நெட்ல இன்னொரு சங்கடம், ஒரே ஐபிவி4 பின்னாடி நூத்துக்கணக்கான ஃபோன் இருக்கும், எவனோ ஒருத்தன் ஃபோன்ல வைரஸ் இருந்தா அந்த ஐபியே எக்ஸ்பிஎல்ல வந்துரும். நாங்க இப்ப யாரையும் 403 போட்டு அனுப்புறதில்ல. லிஸ்ட்ல இருந்தா புக்கிங்கை எடுத்துக்கிட்டு, தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு, ஃபோன் பண்ணிக் கேட்டுக்குறோம்.

---

தேவகோட்டை ரஸ்தா | புதன் இரவு 8.30

முகப்புத்தூண் அண்ணே, அந்த என்எக்ஸ்டொமைன் டிடிஎல் விஷயம் நான் யோசிக்கவே இல்ல. நீங்க சொன்னதுக்கப்புறம் என் கோடை எடுத்துப் பாத்தேன், டைம்-அவுட் ஆனதையும் "இல்ல"ன்னு ஒரு மணி நேரம் சேத்து வச்சிருக்கேன். கெட்ஹோஸ்ட்பைநேம் தோத்துப் போனா அனுப்பின பேரையே திருப்பித் தருது, நெட் போனாலும் அதே, லிஸ்ட்ல இல்லைன்னாலும் அதே. ரெண்டையும் பிரிக்கவே வழியில்ல. இது தப்புதான், மாத்துறேன்.

முடிவை எங்க வைக்கிறதுங்கற என் கேள்வி மட்டும் அப்படியேதான் இருக்கு. அதுக்கு நான் இப்ப சொல்றது, ஐபி பேர்ல வைக்க வேணாம், செஷன்ல வைங்க. ஒரு ஆள் ஒரு தடவை சோதனைல தேறிட்டா அவர் செஷன்ல பத்து நிமிசத்துக்கு "பாத்தாச்சு"ன்னு ஒரு குறி. ஐபிவி6க்கு இது இன்னும் முக்கியம். ஐபிவி6ல கேள்வியே 32 துண்டாப் பிரிச்சுத் திருப்பிப் போட்ட நீளமான பேரு, ஃபோன் அதே /64ங்கற அட்ரஸ் தொகுப்புக்குள்ள அட்ரஸை மாத்திக்கிட்டே இருக்கும், ஐபி வச்சு கேஷ் போட்டா ஒரே ஆளுக்கு நாளைக்கு அஞ்சாறு எண்ட்ரி சேரும், ஒண்ணும் திரும்ப உபயோகம் ஆகாது.

---

முகப்புத்தூண் | புதன் இரவு 9.00

செஷன் குறி எனக்குச் சம்மதம். அது ஆளோட போகுது, ஐபியோட ஒட்டிக்கிட்டு அடுத்தவன் தலைல விழாது. "தேறினாரு"ங்கறதை மட்டும் வைங்க, "தேறலை"ங்கறதை வைக்காதீங்க, அவரு ரெண்டாவது தடவை முயற்சி பண்ணும்போது ரிசால்வரைக் கேட்டே முடிவு பண்ணுங்க.

பெட்டியடி, அன்பவுண்ட் போடும்போது கேஷ்-மின்-டிடிஎல் ஏத்தாதீங்க, அது 0வாவே இருக்கட்டும். சர்வ்-எக்ஸ்பயர்டும் வேணாம், மத்த டிஎன்எஸுக்கு அது நல்ல விஷயம், பிளாக்லிஸ்ட்டுக்குப் பழைய பதில் வேலைக்காகாது. மெமரி சைஸ் எல்லாம் வர்றபடியே 4 எம்பில இருக்கட்டும், உங்க நாலு கடைக்கு அது கடல். முக்கியமா ஃபார்வர்டர் (கேள்வியை இன்னொரு ரிசால்வருக்குத் தள்ளிவிடுறது) எதுவும் போடாதீங்க, போட்டா திரும்ப அதே பப்ளிக் ரிசால்வர் கதைதான். ரிசால்வ்.கான்ஃப்ல டைம்-அவுட் 1, அட்டெம்ப்ட்ஸ் 1. பதில் வரலைன்னா ஆளை உள்ள விட்டுருங்க.

அப்புறம் ஸ்பாம்ஹாஸ் இலவசமா கேக்க விடுறது வியாபாரம் இல்லாத, குறைஞ்ச அளவு உபயோகத்துக்குத்தான். நீங்க கடைகளுக்குப் பண்றீங்க, அவங்க விதிகளைப் படிச்சுட்டு அதுக்கேத்த மாதிரி வழி பாத்துக்கங்க. ஃபார்ம் ஸ்பாமுக்குன்னே ப்ராஜெக்ட் ஹனிபாட்டோட எச்டிடிபி-பிஎல் இருக்கு, கீ வாங்கணும், பதில்ல ரெண்டாவது எண் கடைசியா பாத்து எத்தனை நாள் ஆச்சு, மூணாவது எவ்வளவு ஆபத்து, நாலாவது என்ன மாதிரி ஆள்னு சொல்லும். நாலாவது எண்ல 4 இருந்தா கமெண்ட் ஸ்பாமர், 0ன்னா சர்ச் இன்ஜின். உங்க வேலைக்கு அதுதான் பொருத்தம். ஐபிவி4 மட்டும்தான்.

---

பெட்டியடி | வியாழன் இரவு 11.20

எல்லாருக்கும் நன்றி, இன்னிக்கு பூரா இதுலதான் உக்காந்தேன். கீ வாங்கியாச்சு. அன்பவுண்ட் போட்டாச்சு, ஃபார்வர்டர் இல்ல. முதல் தடவை டிக் அடிச்சா 210 மில்லிசெகண்ட், ரெண்டாவது தடவை 0. பாக்கவே சந்தோசமா இருந்துச்சு.

ஆனா இப்ப வேற மாதிரி கோளாறு. டெஸ்ட் கேள்வி எதைக் கேட்டாலும் ஒண்ணுமே வர மாட்டேங்குது. எர்ரரும் இல்ல, ஸ்டேட்டஸ் நல்லாத்தான் இருக்கு, ஆன்ஸர் பகுதி மட்டும் காலி. என் வீட்டு மெஷின்ல இருந்து அதே கேள்வியைக் கேட்டா பதில் வருது. ரெண்டு மணி நேரமா முட்டிக்கிட்டு இருக்கேன்.

---

முகப்புத்தூண் | வியாழன் இரவு 11.35

செக்யூரிட்டி கான்ஃபிக்னு எங்கயாவது இருந்து காப்பி பண்ணீங்களா? பிரைவேட்-அட்ரஸ்னு வரிசையா இருக்கும், 10, 172.16, 192.168னு. அதுல 127.0.0.0/8 இருக்கான்னு பாருங்க.

---

பெட்டியடி | வியாழன் இரவு 11.42

இருக்கு! நாலாவது வரி.

---

முகப்புத்தூண் | வியாழன் இரவு 11.50

அதை எடுத்துருங்க. வெளில இருந்து வர்ற பதில்ல உள்ளூர் அட்ரஸ் இருந்தா அது ஏமாத்து வேலையா இருக்கலாம்னு அன்பவுண்ட் அதைக் கழிச்சு விட்டுரும், அந்த ஆப்ஷனோட வேலையே அதான். பிளாக்லிஸ்ட் பதில் எல்லாமே 127ல ஆரம்பிக்கிறதால அத்தனையும் போயிருச்சு. அன்பவுண்டோட மேனுவல்லயே இந்த ரேஞ்சைச் சேத்தா ஸ்பாம் பிளாக்லிஸ்ட் வேலை செய்யாதுன்னு எழுதியிருக்கு. டிஎன்எஸ்மாஸ்க்னு இன்னொரு டிஎன்எஸ் சாஃப்ட்வேர் வச்சிருக்குறவங்களுக்கும் இதே பொறி உண்டு, ஸ்டாப்-டிஎன்எஸ்-ரீபைண்ட் போட்டா கூடவே ரீபைண்ட்-லோக்கல்ஹோஸ்ட்-ஓகேவும் போடணும்.

---

கண்டனூர்த் தம்பி | வெள்ளி காலை 6.30

நானும் வீட்டு லேப்டாப்ல எல்லாம் போட்டுப் பாத்தேன்ணே. அன்பவுண்ட்ல லாக்-க்வெரிஸ் ஆன் பண்ணிட்டு பிஎச்பில இருந்து கேட்டேன், லிஸ்ட்ல இல்லாத ஒவ்வொரு ஐபிக்கும் ரெண்டு கேள்வி போகுது. ரெண்டாவது கேள்வில லிஸ்ட் பேருக்குப் பின்னாடி எங்க ரௌட்டர் குடுத்த டொமைன் பேரும் ஒட்டிக்கிட்டு இருக்கு. இது ஏன்?

---

செக்காலை | வெள்ளி காலை 8.15

பலே தம்பி, லாக்கைப் பாத்தே பிடிச்சிட்டீங்க. ரிசால்வ்.கான்ஃப்ல சர்ச்னு ஒரு வரி இருக்கும். முதல் கேள்விக்கு "இல்ல"ன்னு வந்தா ஜிலிப்சி அந்த சர்ச் டொமைனைப் பின்னாடி ஒட்டி இன்னொரு தடவை கேக்கும். லிஸ்ட்ல பெரும்பாலானவங்க இல்லைங்கறதால கிட்டத்தட்ட எல்லா லுக்கப்பும் ரெண்டா ஆயிரும். அந்த டொமைன்ல எல்லாப் பேருக்கும் பதில் சொல்ற வைல்ட்கார்ட் இருந்துச்சுன்னா இன்னும் மோசம், லிஸ்ட்ல இல்லாத அத்தனை பேருக்கும் ஏதோ ஒரு ஐபி பதிலா வந்துரும். பேரோட கடைசில ஒரு புள்ளி வச்சு அனுப்புங்க, அதோட நின்னுரும்.

பெட்டியடி, நீங்களும் அந்தப் புள்ளியை வைங்க. அப்புறம் கெட்ஹோஸ்ட்பைநேமை விட்டுட்டு கெட்ஹோஸ்ட்பைநேம்எல்லுக்கு மாறுங்க, ஒரே ஐபி ரெண்டு மூணு லிஸ்ட்ல இருந்தா ரெண்டு மூணு பதில் வரும், கெட்ஹோஸ்ட்பைநேம் ஒண்ணை மட்டும்தான் தரும். எது முதல்ல வரும்னு சொல்ல முடியாது, பிபிஎல் கோடு முன்னாடி வந்து எக்ஸ்பிஎல் கோடு தெரியாமலே போயிரும்.

---

பெட்டியடி | ஞாயிறு இரவு 9.10

ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டு எழுதலாம்னு இருந்தேன்.

ஃபைல் கேஷ் கோடு மொத்தத்தையும் அழிச்சாச்சு, 140 வரி. செக் இப்ப ஆர்டர் ஃபார்ம் போஸ்ட் ஆகுற இடத்துல மட்டும் இருக்கு. பேர் கடைசில புள்ளி. பதில் வந்தாலே லிஸ்டிங்னு எடுக்குற பழைய எண்ணத்தையும் விட்டாச்சு, எச்டிடிபி-பிஎல்ல ரெண்டாவது எண் நாள் கணக்குங்கறதால அதைத் தனியாப் பிரிச்சு, 30 நாளுக்குள்ள பாத்த கமெண்ட் ஸ்பாமரை மட்டும் பிடிக்கிறேன். தேறினவங்களுக்குச் செஷன்ல பத்து நிமிசக் குறி. பதில் வராட்டி உள்ள விட்டுர்றேன், ஆனா லாக்ல ஒரு வரி எழுதிர்றேன்.

விடுதிக்காரர் சொன்ன மாதிரியே யாருக்கும் 403 இல்ல. லிஸ்ட்ல இருந்தா ஆர்டர் தனி ஃபோல்டருக்குப் போகும். நேத்து அதுல 173 வந்துச்சு, ஆச்சியோட பேத்தி சாயங்காலம் ஒரு தடவை மேலோட்டமாப் பாக்குறா, அதுல ஒண்ணு நிஜம், பினாங்குல இருந்து அதிரசம் 3 கிலோ. ஃபோன் பண்ணி உறுதி பண்ணியாச்சு. ஆச்சியோட இன்பாக்ஸ்ல நேத்து மொத்தம் 31 மெயில், 29 ஆர்டர். காலைல எட்டு மணிக்குள்ள பாத்து முடிச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்களாம், போன வாரம் பத்தரை ஆகும்.

அரை மணிக்கு ஒரு தடவை கிரான்ல ஒரு சோதனையும் போட்டிருக்கேன். ஸ்பாம் பண்றவன்னு லிஸ்ட் எனக்குப் பதில் சொல்ல வேண்டிய டெஸ்ட் அட்ரஸ் ஒண்ணு, "இல்ல"ன்னு சொல்ல வேண்டிய அட்ரஸ் ஒண்ணு, ரெண்டையும் கேக்கும். ரெண்டுல எது மாறிப் போனாலும் செக்கை அதுவே அணைச்சுட்டு என் ஃபோனுக்கு மெசேஜ் அனுப்பும். பிரைவேட்-அட்ரஸ் வரியை வேணும்னே திரும்பப் போட்டுப் பாத்தேன், அடுத்த சுற்றுலயே மெசேஜ் வந்துருச்சு. எடுத்துட்டேன்.

சேலைக் கடை சைட்டுக்கு ஐபிவி6 அதிகமா வருது, அதுக்கு இந்த லிஸ்ட் உதவாது. அங்க என்ன பண்ணலாம்னு ரஸ்தாண்ணே சொன்னா நாளைக்கே ஆரம்பிக்கிறேன்.